பால் யார் பெயரில்?

எண்பதுகளின் கடைசியில், கேரளத்தில் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்கள் பக்கத்தில் பால் சொசைட்டித் தேர்தல் என்றால் கை தூக்குவதுதான். சாயங்காலப் பால் அளந்து முடிந்ததும் கேன்களை ஓரமாகத் தள்ளிவிட்டு அங்கேயே உட்கார்வார்கள். ஒருவர் பெயர் சொல்வார், இன்னொருவர் ஆமோதிப்பார். மெம்பர் யார் என்று எவரும் கேட்டதில்லை. தினமும் இரண்டு வேளை பால் பாத்திரத்தோடு வரிசையில் நிற்கிறவர்களை அங்கே யாருக்குத் தெரியாது?

அதற்காக அதைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். விடியுமுன் மடி கழுவிக் கறந்தது அம்மா. பாஸ் புத்தகத்தில் இருந்தது அப்பாவின் பெயர். கை தூக்கியதும் அவர்தான். பக்கத்து வீட்டு அக்கா மட்டும் ஒருமுறை செயலாளரிடம் கேட்டுவிட்டார்: "ஏனுங்க, கறக்கறது நானு, ஊத்தறது நானு. கை தூக்கறதுக்கு மட்டும் அவரு வரோணுமா?" யாரும் பதில் சொல்லவில்லை. அவர் வீட்டுக்காரர்தான் பதறி எழுந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனார்.

இன்று அந்த அக்கா வயதுப் பெண்கள் பலருக்கு அவரவர் பெயரிலேயே பாஸ் புத்தகம் இருக்கிறது, பணமும் அவரவர் கணக்கில் ஏறுகிறது. நிர்வாகக் குழுவில் பெண்களுக்குச் சட்டமே இடம் ஒதுக்கியிருக்கிறது. தேர்தலை நடத்துவது மாநிலக் கூட்டுறவுத் தேர்தல் ஆணையம். வாக்காளர் பட்டியல், அடையாள அட்டை, ஆட்சேபம் சொல்லத் தவணை, வாசலில் போலீஸ் எல்லாம் உண்டு. மாடே இல்லாதவர்களை ஓட்டுக்காக மெம்பராக்கும் வேலையைத் தடுக்க இவை வேண்டும்தான்.

ஆனால் குறிப்பிட்ட நாட்கள் பால் ஊற்றியவருக்கே ஓட்டு என்ற விதி, ஒற்றை மாடு வைத்திருப்பவரைத்தான் முதலில் பிடிக்கிறது. ஈனுவதற்கு முன் சுமார் இரண்டு மாதம் கறவையை நிறுத்தியாக வேண்டும். சினை பிடிக்கத் தாமதமானாலோ கோமாரி வந்தாலோ அந்த இடைவெளி இன்னும் நீளும். பத்து மாடு வைத்திருப்பவரின் கணக்கில் இது தெரியவே தெரியாது. என் தங்கையைக் கொடுத்திருப்பது இடுக்கியில், நெடுங்கண்டம் பக்கம். கோமாரி வந்த வருடம் அவள் பெயர் பட்டியலில் இல்லை. அந்த மாதங்களிலும் சொசைட்டியில் தீவனம் வாங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

சொசைட்டிகளுக்கு மேலே பால் யூனியன்கள் இருக்கின்றன. நான் ஊற்றும் பால் மலபார் யூனியனுக்குப் போகிறது, அவளுடையது எர்ணாகுளம் யூனியனுக்கு. திருவனந்தபுரத்தையும் சேர்த்து மூன்று யூனியன்கள். அவற்றுக்கும் மேலே, 1980-ல் தொடங்கிய மில்மா கூட்டமைப்பு. கீழே நாள் கணக்குப் பார்த்துப் பெயரை அடிக்கும் அதே அமைப்பு, மேலே போகப் போக எவ்வளவு தாராளமாகிறது! 2021 ஜூலையில் மில்மா தலைவர் தேர்தல் 7-க்கு 5 என்று முடிந்தது. திருவனந்தபுரம் யூனியனில் அப்போது தேர்ந்தெடுக்கப்பட்ட குழு இல்லை, அரசு அமர்த்திய நிர்வாகக் குழுதான் இருந்தது. அதன் உறுப்பினர்கள் ஓட்டுப் போடலாமா என்பதுதான் தகராறு. 2022-ல் சட்டமன்றம் ஒரு திருத்த மசோதாவை நிறைவேற்றியது: நிர்வாகியின் கீழ் உள்ள சங்கங்களின் பிரதிநிதிகளும் யூனியன் தேர்தலில் ஓட்டுப் போடலாம். ஆளுநர் அதைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார், ஒப்புதல் கிடைக்கவில்லை. 2024 மார்ச்சில் கேரள அரசு உச்ச நீதிமன்றம் போனது.

தேர்ந்தெடுத்த குழு இல்லை என்பதற்காக ஒரு சங்கத்தின் குரலே இல்லாமல் போகலாமா என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. அந்த நியாயம் நெடுங்கண்டத்துக்கும் எட்ட வேண்டும். நியமனம் பெற்றவரின் ஓட்டுக்காகச் சட்டத்தையே திருத்த முனைந்தவர்கள், மாடு வற்றியதால் ஓட்டை இழந்தவளுக்காக ஒரு விதியைத் திருத்த முனையவில்லை. 2011-ன் 97-வது அரசியல் சட்டத் திருத்தம் கூட்டுறவுச் சங்கம் அமைப்பதை அடிப்படை உரிமையாக்கியது. அமைத்த சங்கத்தில் ஓட்டுப் போடுவது மட்டும் இன்னும் சட்டமும் துணைவிதியும் கொடுத்தால் உண்டு.

சினை மாட்டின் வற்றிய நாட்களையும் நோய் நாட்களையும், கால்நடை மருத்துவர் சான்று இருந்தால், பால் ஊற்றிய நாட்களாகவே கணக்கிட வேண்டும் என்று அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். தங்கையும் அவள் சொசைட்டியில் இதையே எழுதிக் கொடுத்திருக்கிறாள். இரண்டு யூனியன்களிலிருந்தும் ஒரே கோரிக்கையாகப் பால்வளத் துறைக்குப் போகட்டும்.