ஃபோர்மேன் சாரின் ஸ்டாண்ட்பை கண்

நெய்வேலி ஆர்ச் கேட் பக்கம் டீக்கடையில், பேப்பரை ஒரு முழத்துக்கு அப்பால் பிடித்து, தலையைப் பின்னுக்கு இழுத்து ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தால் அவர்தான் ரிட்டயர்டு ஃபோர்மேன் சார். வட்டத்துக்கு ஒருவராவது இருப்பார்.

நாற்பதைத் தாண்டினால் கண்ணின் லென்ஸ் விறைத்துப்போகும், கிட்டத்து எழுத்து மங்கும். எல்லோருக்கும் வருவதுதான். சார் ஒப்புக்கொள்ள மாட்டார். "பேப்பர்காரன் எழுத்தைச் சிறுசாக்கிட்டான் தம்பி!" 1998-இல் தொடங்கிய நெய்வேலிப் புத்தகக் கண்காட்சிக்கு ஆண்டு தவறாமல் போவார். அவர் புத்தகத்தைப் பிரித்தால் எதிரே நிற்பவர் இரண்டடி நகர்ந்துகொள்ள வேண்டும்.

சுரங்கத்தில் வேலையில் இருந்த காலத்தில் பக்கெட் வீல் எந்திரத்தில் ஒரு பேரிங் முனகினால் போதும், கிரீஸ் வைக்காமல் சாப்பிடப் போகமாட்டார். எல்லாம் ஷெட்யூல்படி, ரிஜிஸ்டரில் கையெழுத்தோடு. சொந்தக் கண்ணுக்கு மட்டும் பிரேக்டவுன் மெயின்டெனன்ஸ். கேட்டால், "ரெண்டு இருக்குல்ல? ஒண்ணு ரன்னிங், ஒண்ணு ஸ்டாண்ட்பை" என்பார்.

ஊருக்கு வைத்தியம் சொல்வதில் குறையில்லை. கண்ணில் தூசி விழுந்தால் "நல்லாத் தேய்ச்சு விடு" என்பார். தேய்த்தால் கருவிழி கீறிக்கொள்ளும். சுத்தமான தண்ணீரில் அலசுவதுதான் முறை. சிவந்தால் விளக்கெண்ணெய் என்பார். அதற்கும் மசியாவிட்டால் ஃபிரிட்ஜிலிருந்து ஒரு சொட்டு மருந்து. திறந்து ஒரு மாதத்தில் தூக்கிப் போட வேண்டிய அந்தப் பாட்டில், அங்கே இரண்டு பொங்கல் பார்த்துவிட்டது. அதில் ஸ்டீராய்டு இருந்து, வாரக்கணக்கில் விட்டுக்கொண்டால் கண் அழுத்தம் ஏறிப் பார்வைக்கே உலை வைக்கலாம் என்பது ரிஜிஸ்டரில் இல்லாத சங்கதி.

மெட்ராஸ் ஐ வந்தவரைக் கண்டால், பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். திருப்பிய முகத்தோடு கைகுலுக்கிவிட்டு, அதே கையால் கண்ணைத் துடைப்பார். கையும் துண்டும்தான் அந்த நோய்க்கு வாகனம்.

பேரனிடம் இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம், இருபது அடி தள்ளியிருப்பதை இருபது விநாடி பார்க்கச் சொல்வார். சொல்லிவிட்டு விளக்கை அணைத்து, இமைக்காமல் நள்ளிரவுவரை யூடியூப் பார்ப்பார்.

போன மாசம் ஒரு பத்திரிகை வந்தது. தூரத்தில் பிடித்து வாசித்தார். புதுமனை புகுவிழா. படத்தில் சிரிப்பவர் வீட்டுக்காரர். சுவர்க் கடிகாரத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வடலூருக்குக் கிளம்பினார். போய்ச் சேர்ந்ததும், "எங்கே வீட்டுக்காரரைக் காணோம்?" என்று சத்தமாகக் கேட்டார். நடந்துகொண்டிருந்தது அவருடைய கருமாதி.

மறுநாளே வீட்டம்மா அவரைக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். "சுகர் எத்தனை வருஷமா?" என்றார் டாக்டர். "பன்னிரண்டு." "விழித்திரையைச் சோதிச்சது?" சார் கூரையைப் பார்த்தார். கண்ணாடியோடு முடிந்துபோகிற காரியம் இல்லை இது. சுகர் உள்ளவர்கள் பார்வை நன்றாகத் தெரிந்தாலும் வருஷத்துக்கு ஒரு முறை மருந்து விட்டு விழித்திரையைச் சோதிக்க வேண்டும். உள்ளே நடக்கும் சேதம் முதலில் வலிக்காது, பார்வையும் மங்காது.

இப்போது சார் கண்ணாடி போடுகிறார். காலண்டரில் அடுத்த செக்கப் தேதியை, ஷெட்யூல் என்று எழுதி வட்டமிட்டிருக்கிறார். டீக்கடையில் உபதேசமும் மாறிவிட்டது: "பேரிங் போனா ஸ்டோர்ல இன்டென்ட் போடலாம் தம்பி. விழித்திரைக்கு எந்த ஸ்டோர்ல போடுவே?"