துண்டு போட ஒரு மேசை

சிங்கப்பூர்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. தை மாதம் நீங்களும் சித்தியும் வருவதாக முடிவு செய்ததில் எங்களுக்கு ஏகச் சந்தோஷம். கடிதத்தில் நீங்கள் கேட்டிருந்த பதினோரு கேள்விகளில் ஒன்பது சாப்பாட்டைப் பற்றியவை. பத்தாவது, “சைனாடவுனில் பாம்பு விற்கிறார்களாமே, நிஜமா?” என்பது. அதையும் சாப்பாட்டுக் கணக்கில்தான் சேர்த்தேன். ஐந்து வருஷமாக அந்தப் பேட்டைக்குப் பக்கத்தில் வேலை பார்த்து, மத்தியானச் சாப்பாட்டை அங்கேயே முடித்துக்கொள்கிறவன் என்ற தகுதியில் சொல்கிறேன். பாம்பு நான் பார்த்ததில்லை. தவளை உண்டு. கஞ்சியோடு கொடுப்பார்கள். இந்த வரியைச் சித்திக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

பொதுவாகவே இந்தக் கடிதத்தைக் கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் படிக்காதீர்கள். நடுவில் ஒரு தாளுக்குச் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறேன். அது உங்களுக்கு மட்டும். கும்பகோணத்தில் சைவமும் வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனால் மிலிட்டரி ஓட்டலும் என்ற உங்கள் கொள்கையை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

முதலில் இடம். ரயிலில் வந்து இறங்கினால் நிலையத்துப் பலகையிலேயே தமிழில் ‘சைனாடவுன்’ என்று எழுதியிருக்கும். மேலே ஏறி வந்தால் பகோடா தெரு. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், பக்கோடா கிடைக்காது. முதல் வாரமே தேடிப் பார்த்துவிட்டேன். அந்தத் தெரு முடிகிற இடத்தில் என்ன நிற்கிறது தெரியுமா? மாரியம்மன் கோயில். 1827-ல் நாராயண பிள்ளை தொடங்கிய கோயில். வெள்ளைக்காரன் பகோடா என்று சொன்னது நம் கோபுரத்தைத்தான், சீனர் கட்டிய எதையும் அல்ல. பக்கத்தில் டெம்பிள் தெரு, அதுவும் நம் அம்மன் கணக்கு. இந்தப் பக்கம் மாஸ்க் தெரு, அது சூலியா முஸ்லிம்கள் கட்டிய பள்ளிவாசலின் கணக்கு. சீனர்கள் இந்தப் பேட்டைக்கு வைத்திருக்கும் பெயருக்கு ‘மாட்டுவண்டித் தண்ணீர்’ என்று அர்த்தம். அந்தக் காலத்தில் மாட்டு வண்டியில் தண்ணீர் வந்து இறங்கிய இடமாம். மாரியம்மன், மாட்டு வண்டி, தண்ணீர்க் கஷ்டம். சித்தியிடம் இதைச் சொல்லுங்கள். பாதி பயம் போய்விடும்.

இனி எங்கே சாப்பிடக் கூடாது என்பதைச் சொல்கிறேன். சிவப்பு விளக்குத் தோரணம் கட்டி, வாசலில் ஒருவர் மெனு அட்டையுடன் நின்று, மாமல்லபுரத்துச் சங்குமாலைக்காரர் மாதிரி நம்மைக் கையைப் பிடிக்காத குறையாக இழுக்கும் இடங்கள். முதல் வருஷம் அப்படி ஒன்றில் போய் உட்கார்ந்தேன். நண்டு படத்துக்கு எதிரே விலைக்குப் பதிலாக ‘சீசனல் பிரைஸ்’ என்று போட்டிருந்தது. என்ன சீசன் என்று கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. நண்டு வந்தது. மிளகாய்க் குழம்பில் மிதந்தது, ருசிக்குக் குறை சொல்ல மாட்டேன். பில் வந்தது. நண்டை எடை போட்டிருந்தார்கள். உட்கார்ந்தவுடன் தானாக வந்த வேர்க்கடலைக்குக் காசு, கை துடைத்த ஈரத்தாளுக்குக் காசு, பரிமாறியதற்குப் பத்து சதவீதம், அதன் மேல் வரி. தொடாத கடலையைத் திருப்பிக் கொடுத்தால் பில்லிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்பது வேர்க்கடலையெல்லாம் தின்று முடித்த பிறகு தெரிந்தது. அந்த மாதம் ஊருக்கு அனுப்பிய பணம் ஏன் குறைந்தது என்று அப்பா கேட்டாரே, அந்த நண்டுதான்.

சாப்பாடு இருக்கும் இடம் தெருவில் அல்ல, மாடியில். ஸ்மித் தெருவில் ‘சைனாடவுன் காம்ப்ளெக்ஸ்’ என்று பார்க்க லட்சணமில்லாத ஒரு பெரிய கட்டடம் இருக்கிறது. அடியில் மீன், காய்கறிச் சந்தை. அதற்கு மேல் துணி, செருப்பு, சாமான். அதற்கும் மேலே 200-க்கு மேற்பட்ட சாப்பாட்டுக் கடைகள், ஒவ்வொன்றும் நம் ஊர்ப் பெட்டிக்கடையைவிடக் கொஞ்சம் பெரிது. முன்பு தெருவில் வண்டி போட்டு விற்றவர்களை அரசாங்கம் இப்படிக் கூரைக்குள் கொண்டுவந்தது. இங்குள்ள தமிழ்ப் பத்திரிகையில் ‘உணவங்காடி நிலையம்’ என்று எழுதுவார்கள். வாயில் வருவது ஹாக்கர் சென்டர்தான். 2020-ல் யுனெஸ்கோ இந்த ஹாக்கர் கலாசாரத்தைத் தன் பட்டியலில் சேர்த்துவிட்டது. மின்விசிறி சுற்றும், புழுக்கம் குறையாது. நமக்குப் பழக்கம்தானே.

எந்தக் கடை என்று என்னைக் கேட்காதீர்கள், வரிசையைக் கேளுங்கள். கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்க இருபது பேர் நிற்கும் கடைதான் கடை. வரிசையில் நின்றுவிட்டு, எதற்காக நிற்கிறோம் என்று அப்புறம் விசாரிக்கலாம். நான் பல தடவை அப்படித்தான் நின்றிருக்கிறேன். ஒரே ஒரு தடவை மோசம் போனேன். முன்னால் நின்றவர் வாங்கியதைக் கைகாட்டி “அதே” என்றேன். பன்றிக் குடல் சூப் வந்தது. அவர் குற்றமில்லை.

உட்கார இடம் பிடிப்பதில் நீங்கள் பிறவி மேதை. திருவிழாக் கூட்டத்தில் பஸ் நிற்பதற்கு முன் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு மூன்று பேர் இடத்தைப் பிடித்தவர். இங்கே துண்டுக்குப் பதில் டிஷ்யூ பாக்கெட். காலி மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அது ஆள் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். இதற்கு ‘சோப்’ என்று பெயர், குளிக்கிற சோப் அல்ல. வந்த புதிதில் யாரோ மறந்துவிட்டுப் போன பாக்கெட் என்று நினைத்து, அதில் ஒரு தாளை உருவி மேசையைத் துடைத்து உட்கார்ந்தேன். நூடுல்ஸ் கிண்ணத்துடன் வந்து நின்ற பாட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. பாக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பாக்கெட்டைப் பார்த்தார். எழுந்துவிட்டேன்.

(சிவப்புக் கோடு இங்கே ஆரம்பம்.)

மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு சவுத் பிரிட்ஜ் சாலையோடு ஐந்து நிமிஷம் நடந்தால் மேக்ஸ்வெல் உணவு நிலையம். “கோயிலுக்கு எதிர்ப்பக்கம் காற்றாட நடந்துவிட்டு வருகிறேன்” என்று சித்தியிடம் சொல்லலாம், பொய்யாகாது. அங்கே தியன் தியன் என்ற கடையின் கோழிச்சோறு உலகப் பிரசித்தம். டிவியில் வரும் அமெரிக்கச் சமையல்காரராக இருந்த ஆந்தனி போர்டெய்ன் சாப்பிட்டுவிட்டுப் புகழ்ந்த பிறகு வரிசை இன்னும் நீண்டது. அங்கே சமைத்துக்கொண்டிருந்தவர் பிரிந்துபோய் இரண்டு மூன்று கடை தள்ளி அதே சோற்றை விற்க ஆரம்பித்தார். எது ஒசத்தி என்று ஆபீஸில் இன்னமும் இரண்டு கட்சி. நான் வரிசை குறைந்த கட்சி.

பார்த்தவுடன் உங்களுக்கு மனம் உடைந்துவிடும். மஞ்சள்கூடப் படாத வெள்ளைக் கோழி, கண்ணாடிக்குப் பின்னால் கொக்கியில் தொங்கும். மசாலாவை மறந்துவிட்டார்களோ என்று தோன்றும். பொறுங்கள். கொதிக்காத சூட்டில் நீரில் வேகவைத்து, உடனே ஐஸ் தண்ணீரில் முக்கி எடுப்பதால் தோலுக்கும் சதைக்கும் நடுவே ஜெல்லி மாதிரி ஒரு படலம் நிற்கும். கடைக்காரர் வட்டமான மரக்கட்டையில் வைத்து, சதுரமான கத்தியால் நாலே வெட்டு வெட்டி, கத்தியின் பட்டையிலேயே அள்ளிச் சோற்றின் மேல் வைப்பார். கோழியை நான் இரண்டாவதாகத்தான் சொல்வேன். விஷயம் சோற்றில் இருக்கிறது. கோழிக்கொழுப்பில் இஞ்சியும் பூண்டும் வதக்கி, கோழி வெந்த தண்ணீரிலேயே வடித்த சோறு. தனியே சாப்பிட்டாலே போதும். தொட்டுக்கொள்ள மிளகாய் அரைத்தது. கெட்டியான சோயாவை இரண்டு சொட்டு விடுங்கள், குழம்பு மாதிரி ஊற்றிப் பிசையாதீர்கள். நான் பிசைந்தேன். கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இன்னொரு சங்கதி. 2016-ல் சைனாடவுன் காம்ப்ளெக்ஸ் மாடியில் சோயா கோழிச்சோறு விற்றுக்கொண்டிருந்த சான் ஹோன் மெங் என்பவருக்கு மிச்செலின் நட்சத்திரம் கிடைத்தது. டயர் கம்பெனிக்காரன் கொடுக்கும் நட்சத்திரத்துக்காகப் பாரிஸில் சமையல்காரர்கள் தூக்கம் கெட்டு அலைகிறார்கள். இவர் ஒரு தட்டை ஏறக்குறைய இரண்டு வெள்ளிக்கு விற்று வாங்கிவிட்டார். (இங்கே டாலரை வெள்ளி என்றுதான் நம்மவர்கள் சொல்வார்கள்.) 2021-ல் நட்சத்திரம் போய்விட்டது. கோழி அப்படியேதான் இருக்கிறது என்பது என் நாக்கின் தீர்ப்பு.

(சிவப்புக் கோடு முடிந்தது. இனிமேல் உரக்கப் படிக்கலாம்.)

சித்தியின் சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். சீனர்களின் பௌத்த சைவம் நம் வீட்டு மடியைவிடக் கண்டிப்பானது. மாமிசம் மட்டுமல்ல, வெங்காயம், பூண்டு இரண்டுமே கிடையாது. அமாவாசை, பௌர்ணமி நாட்களில் சைவம் சாப்பிடுகிறவர்கள் அவர்களிலும் ஏராளம். அன்றைக்குச் சைவக் கடைகளில் வரிசை இரட்டிப்பாகும். மாரியம்மன் கோயில் சாலையிலேயே புத்தர் பல் ஆலயம் இருக்கிறது. 2007-ல் திறந்தது, பார்க்கப் பழைய அரண்மனை மாதிரி இருக்கும். அதன் கீழ்த்தளத்தில் சைவச் சாப்பாடு உண்டு.

ஒரே சிக்கல், தட்டில் வருவதன் உருவம். சோயாவிலும் கோதுமைப் பசையிலும் வாத்து செய்வார்கள், மீன் செய்வார்கள். வாத்துக்குத் தோலில் புள்ளி புள்ளியாக இறகு பிடுங்கிய தடம்கூட இருக்கும். மாமிசமே வேண்டாம் என்றவர்களுக்கு எதற்கு இந்த வாத்து வேஷம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. சித்தியைக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடச் சொல்லுங்கள், அல்லது கீரை, டோஃபு, காளான் என்று கைகாட்டி வாங்கிக்கொள்ளலாம்.

‘கேரட் கேக்’ என்று பலகையைப் பார்த்தால் சித்தி ஆசையாகப் போய் நிற்பார், தடுத்துவிடுங்கள். அதில் கேரட்டும் இல்லை, அது கேக்கும் இல்லை. முள்ளங்கியும் அரிசிமாவும் சேர்த்து அவித்த கட்டியைத் துண்டு போட்டு, முட்டை ஊற்றிப் பொரிப்பது. பன்றிக் கொழுப்பில் பொரிக்கும் கடைகளும் உண்டு. கஞ்சிக் கடைக்கும் சித்தியை அழைத்துப் போக முடியாது, மீனோ கோழியோ ஏதாவது ஒன்று கிடக்கும். ஆனால் ஒரு விஷயம் சொல்லலாம். இந்தச் சீனக் கஞ்சிக்கு இங்கிலீஷில் ‘காஞ்சி’ என்று ஒரு பெயர் உண்டே, அது நம் ‘கஞ்சி’யிலிருந்து போனதுதான். இதை என் சீன நண்பன் ஒருவனிடம் சொன்னேன். “பேரு உன்னுது, கஞ்சி என்னுது” என்று சொல்லிவிட்டு, கறுத்துக் கண்ணாடியாகிப்போன முட்டை ஒன்றை என் கிண்ணத்தில் போட்டான்.

காப்பி விஷயத்தில் கும்பகோணத்துப் பெருமையைக் கொஞ்சம் மூட்டை கட்டி வையுங்கள். இங்கே கொட்டையைச் சர்க்கரையும் வெண்ணெயும் சேர்த்து வறுத்து, நம் டீக்கடைத் துணி வடிகட்டி மாதிரி நீளமான பையில் இறக்குவார்கள். வெறுமனே ‘கோப்பி’ என்று கேட்டால் டப்பாப் பால் ஊற்றித் தித்திப்பாக வரும். ‘கோப்பி ஓ’ என்றால் பாலில்லாமல் சர்க்கரையோடு. ‘கோப்பி சி’ என்றால் இனிப்பில்லாத டப்பாப் பாலும் சர்க்கரையும். ‘கொசோங்’ என்று சேர்த்தால் சர்க்கரை கிடையாது. உங்கள் சர்க்கரை வியாதிக்கு மந்திரம் ‘கோப்பி சி கொசோங்’. விமானத்திலேயே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. சாப்பிட்ட தட்டை நாமே எடுத்துக்கொண்டு போய் அதற்கான அலமாரியில் வைக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து சட்டம். முதல் தடவை எழுத்தில் எச்சரிக்கை, அடுத்த தடவை 300 வெள்ளி அபராதம். நீங்கள் சாப்பிட்ட தட்டை நீங்களே தூக்கிக்கொண்டு போகும் காட்சியைப் பார்க்க நாற்பது வருஷமாகக் காத்திருக்கிறார் சித்தி. விமான டிக்கெட் காசு அதிலேயே வசூலாகிவிடும் என்று போனில் என்னிடம் சொன்னார்.

கடைசியாக டிக்கெட் விஷயம். தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் போய்த் தர்ப்பணம் முடித்த கையோடு மறுநாளே விமானம் ஏறுவதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படிச் செய்ய வேண்டாம். பெரும்பாலான வருஷங்களில் தை அமாவாசையை ஒட்டித்தான் சீனப் புத்தாண்டும் வருகிறது. அதற்கு முந்திய வாரங்களில் சைனாடவுன் தெருக்களில் கால் வைக்க இடம் இருக்காது. புத்தாண்டு பிறந்ததும் கடைக்காரர்கள் குடும்பத்தோடு உட்கார்ந்துவிடுவார்கள். நான் சொன்ன கடைகளில் பாதிக்கு மேல் பல நாள் இழுத்து மூடியிருக்கும். பத்து நாள் தள்ளி வாருங்கள்.

வரும்போது அப்பளம் கொண்டுவர வேண்டாம், இங்கே கிடைக்கிறது. உங்கள் பச்சைக்கரைத் துண்டை மறக்காமல் எடுத்து வாருங்கள். மேக்ஸ்வெல்லில் மத்தியானம் பன்னிரண்டரை மணிக்கு ஒரு மேசையில் போட்டுப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
கண்ணன்