தேக்குச் சட்டத்துக்குள் ஒரு தாத்தா

சூரியகாந்தி பூக்கிற மாதங்களில் குண்டலுபேட்டை வயல்காரர்கள், செல்ஃபி எடுக்க இறங்கும் ஊட்டிப் பயணிகளிடம் ஆளுக்கு இவ்வளவு என்று காசு வாங்குவார்கள். அதே பூவை வரைந்து மாய்ந்த வான்கோ உயிரோடிருந்த காலத்தில் பார்க்காத வருமானம். எனக்கோ சுவரில் மாட்டக் கையால் தீட்டிய படம்தான் வேண்டும். புதிதாக வாங்கச் சம்பளம் சம்மதிக்காது. ஆகவே பழைய சாமான் விற்கும் குஜரிக் கடை.

பழைய படத்தின் முகத்தைப் பார்த்து மயங்கக்கூடாது. திருப்பி முதுகைப் பார்க்க வேண்டும்: துணி பழுத்திருக்கிறதா, ஆணி துருவேறியிருக்கிறதா என்று. பிறகு பூதக்கண்ணாடி. பொடிப்பொடியாகப் புள்ளி தெரிந்தால் அச்சு. தூரிகையின் மேடு பள்ளம் தெரிந்தால் கைவேலை.

கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது கையில் விளக்கேந்திய பெண்.

“ரவிவர்மா சார், ஒரிஜினல்!”

மைசூர் ஜெகன்மோகன் அரண்மனையில் இருக்கும் அந்த ஓவியம் ஹல்தன்கர் தன் மகளையே நிற்கவைத்து வரைந்த நீர்வண்ணம். இருந்தாலும் நாட்டில் பாதிப்பேர் அதை ரவிவர்மா கணக்கில்தான் எழுதுகிறார்கள். அவரும் பாவம், 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி வீட்டுக்கு வீடு லட்சுமியையும் சரஸ்வதியையும் அனுப்பியவர். கேட்பாரற்ற படமெல்லாம் அவர் தலையில் விழுகிறது. கடையில் இருந்தது எண்ணெய் வண்ண நகல். விளக்குச் சுடர் நாற்பது வாட்ஸ் பல்பு போல எரிந்தது.

பழைய கட்டிலுக்குப் பின்னால்தான் அவர் நின்றிருந்தார். மைசூர் பேட்டா, சரிகைக் கரை, அடர்ந்த மீசை. மூக்கை வரைந்தவர் தேர்ந்த கை; காதுக்கு வந்தபோது அவசரம் போலிருக்கிறது, இடதுகாது கொஞ்சம் இறங்கிவிட்டது. கையெழுத்து இல்லை. பூதக்கண்ணாடியில் புள்ளியும் இல்லை.

“எவ்வளவு?”

கடைக்காரர் படத்தைப் பார்க்கவேயில்லை. சட்டத்தை விரலால் தட்டினார். “சாகுவானி சார், அந்தக் காலத்துத் தேக்கு.” மரத்துக்கு ஒரு விலை, கண்ணாடிக்கு ஒரு விலை சொன்னார்.

“படத்துக்கு?”

“அது இருந்துட்டுப் போகட்டும் சார்.”

பெயரில்லாத ஓவியனுக்குச் சந்தையில் உள்ள மதிப்பு இதுதான். நம்மைப் போன்றவர்களுக்கு ஓவியம் கட்டுப்படியாவதும் இதனால்தான்.

கூடத்தில் மாட்டினேன். மனைவி, “யாரோ நம்ம சோத்தையே பார்க்கிற மாதிரி இருக்கு” என்று சாப்பாட்டு மேசையை நகர்த்தினாள். எதிர்வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டார். தமிழ்நாட்டிலிருந்து வந்த உறவுக்காரர்கள், “உங்க வீட்டு ஜாடை அப்படியே இருக்கு” என்றார்கள். இறங்கிய காதையும் என் காதையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

மகாளய அமாவாசைக்கு வந்திருந்த அத்தை பூமாலையே வாங்கி வந்துவிட்டார். போட்டுவிட்டு, “பெரியவர் என்ன கோத்திரம்டா?” என்றார்.

“கோத்திரம் தெரியாது அத்தை, சட்டம் தேக்கு.”