பத்துக்குப் பத்து வாங்கினால் ஆபத்து!

கேள்வி: எங்கள் அலுவலக நெட்வொர்க்கில் உள்ள பாதுகாப்பு ஓட்டைகளைக் கண்டறிய, விர்ச்சுவல் மெஷினில் ஓப்பன்வாஸ் நிறுவலாமா?

பதில்: தாராளமாக! 2005-இல் நெஸ்ஸஸ் என்ற ஓட்டை தேடும் மென்பொருள் தன் மூலநிரலை மூடிக்கொண்டது. அதன் திறந்த வடிவத்திலிருந்து கிளைத்து வளர்ந்ததே ஓப்பன்வாஸ். இன்று அதைப் பேணுவது ஜெர்மனியின் கிரீன்போன் நிறுவனம்.

விர்ச்சுவல் மெஷினுக்கு 4 கோர், 8 ஜிபி ராம், 60 ஜிபி வட்டு கொடுங்கள். கஞ்சத்தனம் செய்தால் ஸ்கேன் ஆமையாகிவிடும். நெட்வொர்க்கை ‘பிரிட்ஜ்டு’ முறையில் வையுங்கள். அப்போதுதான் அதற்கு உங்கள் நெட்வொர்க்கிலேயே தனி ஐபி முகவரி கிடைக்கும். ‘நாட்’ முறையில் சில கருவிகள் கண்ணில் படாமலே போகலாம்.

ஓட்டைகளை அடையாளம் காணும் சோதனைத் தொகுப்பு முதல்முறை இறங்க நெடுநேரம் ஆகும். பொறுத்திருங்கள். பிறகு தினமும் புதுப்பியுங்கள். புது ஓட்டைகள் விடுமுறை எடுப்பதில்லை.

நிர்வாகத்தின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் ஸ்கேன் வேண்டாம். நல்லெண்ணம் மட்டும் சட்டத்தின் முன் போதாது.

அறிக்கை வந்ததும் முதலில் சிவப்பில் காட்டப்படும் தீவிர ஓட்டைகளைச் சரிசெய்து, மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். ஓட்டையின் தீவிரத்துக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் இந்தத் தேர்வில் பத்துக்குப் பத்து வாங்குவதுதான் மகா ஆபத்து!