முழங்காலைக் கேளுங்கள்

மலையே ஏறிய கால், இப்போது வாசற்படிக்கே முனகுகிறதே? (புதூர்நாடு வாசகர்)

மலை ஏறிய காலுக்கு நாற்காலி ஏறத் தெரியாதா? நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். நுனிக்கு வந்து, பாதங்களை ஊன்றி மெதுவாக எழுந்திருங்கள். அதைவிட மெதுவாக உட்காருங்கள். முடிந்தவரை ஐந்து முதல் பத்து முறை. முழங்காலைத் தாங்குவது தொடைத் தசை. சும்மா இருந்தால் அது இளைத்துவிடும். வீக்கமோ சுரீரென்ற வலியோ வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

ஒற்றைக்காலில் நிற்கச் சொல்கிறார்கள். இந்த வயதில் தவமா? (ஆலங்காயம் வாசகி)

பத்து நொடித் தவம்தான், அதுவும் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு! குளியலறையில் வழுக்கினாலும் கால் சமாளிப்பதே வரம். உலகில் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் விழுந்து இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அறுபதைத் தாண்டியவர்களே அதில் அதிகம். 65 வயதுக்கு மேல் வாரம் 3 நாளாவது சமநிலைப் பயிற்சி வேண்டும் என்கிறது அதே நிறுவனம்.

விழுந்தால் கண்ணில் நட்சத்திரம் தெரியுமாமே? (திருப்பத்தூர் வாசகர்)

நட்சத்திரம் பார்க்கத்தான் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறதே, விழுவானேன்?

மலைக்கு வந்து பயிற்சி சொல்லித் தருவது யார்? (ஜவ்வாது மலை வாசகி)

2021 ஆகஸ்ட் 5 அன்று, பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம். அதில் வீடு தேடி வரும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். விழுந்த பிறகல்ல, இன்றைக்கே.