ஷவர் வைத்தியர்

பாளையங்கோட்டையைச் சுற்றியுள்ள பெருமாள்புரம், மகாராஜநகர், தியாகராஜநகர் போன்ற குடியிருப்புகளில், பணி ஓய்வு பெற்ற ஆண்களிடையே ஒரு தனி வகையினர் உண்டு. தெருவார் இவரை அண்ணாச்சி என்றே அழைக்கின்றனர் எனினும், இவர் செய்துவரும் தொண்டை நோக்க, ஷவர் வைத்தியர் என்று குறிப்பதே பொருத்தமாகும். குழாயில் வரும் தண்ணீரைப் பல துளைகளின் வழியே பிரித்துத் தூவும் அந்த வட்டத் தலையில் ஒரு துளைகூட அடைபடலாகாது என்பதே இவரது ஓய்வுக்கால இலட்சியம். அந்த ஷவரில் இவர் குளிப்பதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். விடிவதற்குள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் குறுக்குத்துறைக்குச் சென்று தாமிரபரணியில் முங்கி எழுபவர் இவர். ஆற்றில் வெள்ளம் போகும் நாள்களில் வாளியும் கப்புமே இவருக்குப் போதும். ஷவர் என்பது பெங்களூரிலிருந்தோ துபாயிலிருந்தோ எப்போதாவது வந்துபோகும் மகனுக்கும் மருமகளுக்கும் உரிய சொத்து; இவர் அதன் காப்பாளர் மட்டுமே.

வைத்தியம் கேள்வியில்தான் தொடங்கும். "அண்ணாச்சி, ஷவர்ல தண்ணி சொட்டுச் சொட்டாத்தான் விழுது" என்று எதிர்வீட்டுக்காரர் வந்து நின்றால், "ஆத்துத் தண்ணியா, போர் தண்ணியா? டேங்குல எம்புட்டு கெடக்கு?" என்று இவர் திருப்பிக் கேட்பார். கேள்வியில் பொருள் இருக்கிறது. பொதிகை மலையிலிருந்து பாறைகளின் மேல் இறங்கிவரும் ஆற்று நீரில் கரைந்த உப்புகள் குறைவு. ஆழ்துளைக் கிணற்று நீரோ நிலத்தடியில் நெடுங்காலம் தங்கி, கால்சியம், மெக்னீசியம் ஆகியவற்றின் உப்புகளைக் கரைத்துக்கொண்டு வருவதால், சோப்பு நுரைக்காத கடின நீராகிவிடுகிறது. குடிநீருக்கான இந்தியத் தர வரையறையான ஐ.எஸ். 10500, 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 மில்லிகிராமைப் பொறுத்துக்கொள்ளத்தக்க அளவாகவும் வகுத்திருக்கிறது. இவ்விரு எண்களும் வைத்தியருக்கு மனப்பாடம். பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள்தான் மறந்துபோகும். குழாயை மூடியபின் துளைகளில் தங்கும் நீர் காய்ந்து, அதிலிருந்த கால்சியம் கார்பனேட் வெள்ளைப் படிவாக இறுகுகிறது என்பதும், கொதிகலன் வழியாக வரும் வெந்நீரில் இப்படிவு இன்னும் விரைந்து உண்டாகும் என்பதும் இவரது சொற்பொழிவின் அடுத்த பகுதி. அல்வாவின் சுவைக்கே ஆற்றுத் தண்ணீரைக் காரணம் காட்டும் ஊரில், ஷவரின் குற்றங்களுக்கெல்லாம் போர் தண்ணீரைக் காரணம் காட்டுவதில் வியப்பில்லை.

சிகிச்சை பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நடைபெறும். கழுவிக் காயவைத்த பால் கவரில் வினிகரை ஊற்றி, ஷவர் தலை அதில் மூழ்கும்படி மாட்டி, ரப்பர் பேண்டால் இறுகக் கட்டிவிட்டு, இவர் முக்காலியின் மேலேயே நின்றுகொண்டிருப்பார். வினிகரிலுள்ள அசெட்டிக் அமிலம் கார்பனேட் படிவைக் கரைக்கையில் கரியமில வாயு சிறுசிறு குமிழிகளாக வெளிவரும். அதைக் காண்பதற்கென்றே மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "பொரியுது, பொரியுது" என்று இவர் உரக்க அறிவிப்பதும், அடுக்களையிலிருந்து "இன்னும் எண்ணெயே வைக்கலியே" என்று அம்மையார் பதிலுரைப்பதும் வழக்கம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊறவிட இவர் சம்மதிப்பதில்லை. இரவு முழுவதும் அமிலத்தில் கிடந்தால் குரோமியப் பூச்சு மங்கிவிடும் என்பது இவர் அச்சம், அது நியாயமான அச்சமே. வினிகர் தீர்ந்துபோன நாளில், பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்கும் புளியையே கரைத்து ஊற்றுவார்; புளியிலும் அமிலம் உண்டாகையால் அறிவியல் இவர் பக்கம்தான், ஆனால் புளியின் சக்கை புதிதாக நான்கு துளைகளை அடைத்துவிடும்.

ஊக்கைக் கொண்டு துளைகளைக் குத்துவோரை இவர் போலி வைத்தியர் என்றே கருதுகிறார். குத்தக் குத்தத் துளையின் வாய் சிதைந்து, ஒரு தாரை கதவையும் மற்றொரு தாரை சோப்புப் பெட்டியையும் குளிப்பாட்டத் தொடங்கிவிடுமாம். சிலிக்கான் முனைகள் உள்ளவற்றைக் கட்டைவிரலால் தேய்த்தாலே படிவு உதிர்ந்துவிடும். மற்றவற்றுக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ். ஐப்பசி, கார்த்திகையில் ஆறு கலங்கி ஓடும்போது வரும் அடைப்பு வேறு வகையானது; ஷவரைக் குழாயோடு இணைக்கும் மரையினுள், சட்டைப் பொத்தான் அளவில் உள்ள சல்லடையில் மணல் தங்குவதால் அது உண்டாகிறது. அதற்கு வினிகரே வேண்டாம், கழற்றிக் கழுவினால் போதும். மீண்டும் பூட்டுகையில் மரை திரும்பும் திசையிலேயே வெள்ளை டேப்பைச் சுற்ற வேண்டும் என்பதில் இவர் காட்டும் கண்டிப்பு, மகனின் கல்வியில்கூடக் காட்டியதில்லை என்று உறவினர் கூறுவர். உதிர்ந்த வெள்ளைச் செதில்களை ஒரு மூக்குப்பொடி டப்பாவில் சேர்த்து வைத்து, வரும் விருந்தினருக்குக் காபிக்கு முன் காட்டுவார்.

இவ்வளவு செய்தும் வெல்ல முடியாத ஒன்று உண்டு; அது உயரம். 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும் என்பது கணக்கு. மாடிக் குளியலறை ஷவருக்கும் மொட்டைமாடித் தொட்டிக்கும் இடையே 2 மீட்டர்தான் உயர வேறுபாடு என்றால், கிடைப்பது 0.2 பார் மட்டுமே. மகன் ஆசையோடு வாங்கிவந்து பொருத்திய மழை ஷவரோ சுளகு அகலம்; இந்த அழுத்தத்தில் அதன் நடுவில் மட்டும் நீர் கசிய, சுற்றிலும் உள்ள துளைகள் பார்வையாளர்களாகவே இருந்துவிடுகின்றன. பம்ப் வைத்தால் தீரும் என்று பிளம்பர் சொன்னதைத் தம் வைத்தியத்திற்கு நேர்ந்த அவமதிப்பாக இவர் எடுத்துக்கொண்டு, மேலும் ஒரு பாட்டில் வினிகர் வாங்கினார்.

அண்மைக் காலமாக இவரது பணி கூடியிருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நார்மன் பேஸ் குழுவினர், 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஷவர் தலைகளின் உட்புறத்தில் நுண்ணுயிர்கள் வழவழப்பான படலமாகப் படிந்து வாழ்வதையும், அவற்றுள் நுரையீரல் வலுவிழந்தோரைத் தாக்கக்கூடியவையும் இருப்பதையும் காட்டினர். இச்செய்தி எப்படியோ இவர் செவிக்கு எட்டிய நாள்முதல், ஆளில்லாத குளியலறை ஷவரை வாரம் ஒருமுறை திறந்துவிட்டுக் கதவுக்கு வெளியே மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். அந்தத் தண்ணீரை வாளியில் பிடித்துக் கறிவேப்பிலைக்கு ஊற்ற வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் அம்மையார் இதை அனுமதித்துள்ளார்.

ஆனி, ஆடியில் மகன் குடும்பத்தோடு வந்து இறங்குவான். துளைகள் பளபளக்க ஷவர் காத்திருக்கும். "அப்பா, குத்தாலத்துல சீசன் நல்லாருக்காம், கெளம்புங்க" என்பதே அவன் முதல் பேச்சாக இருக்கும். 2019இல் குற்றாலம் தென்காசி மாவட்டத்தோடு போய்விட்டது. நெல்லைக்காரர் மனத்தளவில் அதற்கு இன்னும் ஒப்புதல் தரவில்லை. பேரருவியின் அடியில் தலையைக் கொடுத்ததும் வைத்தியரின் தொழிற்புத்தி விழித்துக்கொள்ளும். மேலிருந்து வரும் வெள்ளம் பொங்குமாங்கடல் என்னும் பாறைப் பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, பின்பே குளிப்போர் மேல் இறங்குவதை அண்ணாந்து காட்டி, "இங்க பாருடே, இதுல வலையும் கெடயாது, உப்பும் கெடயாது, பிரஷர எப்படி ஒடச்சு விட்டுருக்கான்னு" என்று விளக்கம் தொடங்குவார். பின்னால் காத்திருப்போரின் வரிசை நீள, காவலர் விசிலை ஊதி, "பெரியவரே, குளிச்சாச்சுன்னா நகருங்க" என்பார்.