மூன்று கால் உபசாரம்

நான் எடுபிடியாகச் சேர்ந்த காலத்தில் ஸ்டூடியோவில் கேமராவுக்கு அடுத்த மரியாதை ஸ்டாண்டுக்குத்தான். தேக்கு மரம், பித்தளைத் திருகு. ஐப்பசி மழையில் மரம் ஊதிக்கொள்ளும், கால் இறங்காது. சித்திரையில் சுருங்கிவிடும், இறக்கிய கால் நிற்காது. முன்னதற்கு மெழுகுவர்த்தித் தேய்ப்பு, பின்னதற்குத் திருகுக்கடியில் தோல் வாஷர். தையல் மெஷின் எண்ணெய் பித்தளை மரைக்கு மட்டும், அதுவும் குச்சி நுனியில் ஒரு சொட்டு. “காலுக்கு எண்ணெய் காட்டாதடா. வழுக்கினா விழுறது ஸ்டாண்டு இல்ல, என் கடை” என்பார் முதலாளி. இத்தனை உபசாரமும் பெற்ற அந்த ஸ்டாண்டு, சிமெண்டுத் தரையை விட்டு இறங்கியது கல்யாண குரூப் போட்டோவுக்கு மட்டும்தான்.

1994இல் கிட்ஸோ நிறுவனம் கார்பன் ஃபைபர் ட்ரைபாடைக் கொண்டுவந்தது. தோள்வலி தீர்ந்தது, கூடவே பயமும் தீர்ந்துவிட்டது. இன்று அக்கா மகன் மாமல்லபுரத்தில் மணமக்களை அலையில் நிறுத்துகிறான். எதிரே ட்ரைபாடும் முழங்கால் உப்புத் தண்ணீரில் நிற்கிறது. வீடு திரும்பியதும் லென்ஸுக்கு மைக்ரோஃபைபர் துணி, பேட்டரிக்குத் தனி உறை. ட்ரைபாடுக்கு? ஈரத்தோடு மடித்து, பையில் போட்டு, ஜிப்.

“கார்பன் துருப்பிடிக்காது மாமா.”

“கார்பன் பிடிக்காதுப்பா. அலுமினிய மரையும் ஸ்க்ரூவும் உன்னைக் கேட்டுக்கிட்டா பிடிக்கும்?”

ஒரு நாள் பூட்டு வளையம் நறநறவென்றது. பைக் செயினுக்கு வாங்கிய ஸ்ப்ரேயை அடித்தான். சத்தம் நின்றது. உள்ளே மிச்சமிருந்த கிரீஸும் கரைந்து போனது. எண்ணெய் குழாயில் இறங்கியதால், கேமராவை ஏற்றியதும் ஒரு கால் மெல்ல மெல்ல உட்கார்ந்தது. ட்ரைபாடின் மூட்டு நம் மூட்டைப் போல் அசைவதற்கல்ல, அசையாமல் நிற்பதற்கு. அந்தப் பிடிப்பே உராய்வில்தான் இருக்கிறது.

வைத்தியம் பழையதுதான். வளையத்தைக் கழற்றி, காலை உருவி, உள்ளிருக்கும் பிளாஸ்டிக் பட்டைகள் எது எந்தப் பக்கம் என்று ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். நல்ல தண்ணீரில் அலசி, பல் துலக்கும் பிரஷ்ஷால் மரையிலுள்ள மணலை எடுத்து, நிழலில் காயவிட்டு, மரையில் மட்டும் கிரீஸை மெல்லப் பூச வேண்டும். குழாயிலும் பட்டையிலும் பொட்டுக்கூடப் படக்கூடாது. மேல் மூட்டு தொளதொளத்தால், தூக்கிய கால் தானாக விழாத அளவுக்கு ஆலன் கீயால் ஒரு திருகு. சாயங்காலக் காப்பி ஆறுவதற்குள் முடிகிற வேலை அல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

சொன்னேன். பொறுமையாகக் கேட்டான், மறுவாரமே புது ட்ரைபாட் வாங்கிவிட்டான். ஆயுத பூஜையன்று அதற்குச் சந்தனப் பொட்டும் வைத்தான். பழையதை, “நீங்களே வெச்சுக்குங்க மாமா” என்று என் வீட்டில் போட்டுப் போனான். கழுவி, கிரீஸ் பூசி நிறுத்தியிருக்கிறேன். பாறை மாதிரி நிற்கிறது. புதியதும் கடற்கரைக்குப் போக ஆரம்பித்துவிட்டது. தை முகூர்த்தங்கள் முடியட்டும், அதற்கும் பரணில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.